முத்துச்செல்வியின் கூட்டல் கணக்கு

"எத்தனை?" என்று கேட்டேன்.

"இருபத்திமூணு" என்றாள் முத்துச்செல்வி.

வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் வரைந்த ஒரு வட்டம். அதற்குள் பதினைந்து செண்டுமல்லி, பத்து வாடாமல்லி. நானே குனிந்து குனிந்து எண்ணி வைத்தவை. என் இடுப்பைக் கேட்டால் சொல்லும். ஆண்டவனே இறங்கி வந்து கூட்டினாலும் அது இருபத்தைந்துதான்.

"நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு. பதினஞ்சும் பத்தும் எத்தனை?"

அவள் பார்த்தாள். பூவைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே நல்ல வெயில். "இருபத்திமூணுதான் டீச்சர்" என்றாள். குரலில் என் மேல் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

ஓண விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள் அது. பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆரம்பப் பள்ளியில், தமிழ்ப் பிரிவின் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் இருந்தன. மொத்தம் பதினோரு பிள்ளைகள், ஒரு கரும்பலகை, ஒரு டீச்சர். டீச்சர் நான்தான். கசவுப் புடவை கட்டி, தலையில் முல்லை வைத்து, மகாபலியே வந்தால் என்னைப் பார்த்துத்தான் முதலில் கும்பிடுவான் என்ற நினைப்பில் இருந்தேன்.

தலைமை ஆசிரியர் அறையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. அதற்குள் மூன்று படிவங்கள். கற்றலில் பின்தங்கிய பிள்ளைகள் என்று நாங்கள் மேலே அனுப்ப வேண்டிய பெயர்கள். மூன்றில் ஒன்று முத்துச்செல்வி. ஒரு மணி ஜீப்பில் உறை போய்விடும்.

அந்தப் பட்டியலைக் குறை சொல்ல மாட்டேன். அதனால் ஒரு பையனுக்குக் கண்ணாடி கிடைத்தது, ஒரு பெண்ணுக்குக் காதில் மெஷின் கிடைத்தது. தேவைப்படுகிற பிள்ளைக்கு அது வரம். தேவைப்படாத பிள்ளை அதில் ஏறிவிட்டால்தான் வினை. மற்ற பிள்ளைகள் கணக்குப் போடும்போது அது ஓரமாக உட்கார்ந்து வாத்துக்கு மஞ்சள் சாயம் அடித்துக்கொண்டிருக்கும். நான்காம் வகுப்பு முடியும்போது தனக்கு ஒன்றும் வராது என்று அதுவே நம்பிவிடும். ஏறிய பெயர் இறங்கி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

முத்துச்செல்வியின் பெயரை எழுதியது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். என் கையெழுத்துதான்.

கைவேலைப் பைத்தியம்

பூவை வைத்துக் கணக்குப் போடுவது என் மூளையில் உதித்த யோசனை இல்லை. எனக்கு அவ்வளவு மூளை கிடையாது என்பதை இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள். போன வாரம் யானைக்குப் பயந்து கோழிக்கூட்டுக்குள் ஒளிந்த கதையை எழுதிய பிறகு சந்தேகம் இருந்தவர்களுக்கும் தெளிந்திருக்கும்.

அது மூன்று நாள் பயிற்சி வகுப்பில் கிடைத்த ஞானம். பருவத்துக்கு ஒரு கைவேலை, கைவேலைக்கு ஒரு கணக்கு. ஜூனில் குடை, ஆகஸ்டில் கொடி, ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், விஷுவுக்குக் கொன்றைப்பூ. விஷு வரும்போது பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

பிள்ளை வெட்டும், ஒட்டும், அடுக்கும். அந்தச் சாக்கில் படித்த கூட்டலையும் கழித்தலையும் திருப்பிப் பார்த்துவிடும். திருப்பிப் பார்க்கிறோம் என்பது அதற்கே தெரியாது. பயிற்சி கொடுத்த அம்மாள் இதைச் சொல்லும்போது கண்ணில் அப்படியொரு ஒளி.

ஒளி எங்களுக்கும் வரட்டும் என்று எங்களையே செய்யச் சொன்னார். நாற்பது வயது தாண்டிய முப்பது பேர், குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து காகித வாத்து செய்தோம். என் வாத்துக்குக் கழுத்து நிற்கவே இல்லை. பக்கத்தில் இருந்த சார் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். அவருடைய வாத்து மட்டும் என்னவாம், பார்க்கப் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

ஆனாலும் எனக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. உள்ளதைச் சொன்னால், கரும்பலகையில் கணக்கு எழுதிப் பதினோரு கொட்டாவிகளைப் பார்ப்பதற்கு எதுவும் மேல்.

குடைக்கு நேர்ந்த கதி

ஜூனில் குடையோடு ஆரம்பித்தேன்.

வண்ணத்தாளில் அரைவட்டம் வெட்டி, அதில் எட்டுக் கம்பி வரைந்து, ஒரு குடைக்கு எட்டுக் கம்பி என்றால் இரண்டு குடைக்கு எத்தனை என்று கேட்க வேண்டும். கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. பீர்மேட்டு ஜூன் மாதத்தைப் பற்றி அந்த யோசனை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இங்கே ஜூனில் சுவர் வியர்க்கும். தலையணை வியர்க்கும். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகிக் கிடக்கும்.

கயிறு கட்டித் தொங்கவிட்ட காகிதக் குடைகள் மறுநாள் காலையில் துவண்டு போயிருந்தன. சிவப்புச் சாயமும் நீலச் சாயமும் சுவரில் கோடு கோடாக வழிந்திருந்தன. தலைமை ஆசிரியர் தங்கப்பன் சார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பசைக் கதை அதைவிட மோசம். சத்துணவு சமைக்கிற அக்காவிடம் மைதாப் பசை காய்ச்சித் தரச் சொல்லியிருந்தேன். ஒன்றாம் வகுப்பு அதில் பாதியைத் தின்றுவிட்டது. பிடித்துக் கேட்டபோது, "சீனி போட்டா இன்னும் நல்லாருக்கும் டீச்சர்" என்று எனக்கு ஆலோசனை வேறு.

அந்த அமளியில்தான் முத்துச்செல்வியை முதலில் கவனித்தேன். ஏழு வயது, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் கிடையாது. எட்டும் எட்டும் எத்தனை என்று கேட்டால் பதிமூன்று என்றாள். திருத்தினேன். தலையாட்டினாள். மறுநாளும் பதிமூன்று.

ஆகஸ்டில் கொடி செய்தோம். வராந்தாவில் அன்றைக்கு நல்ல வெயில். ஒரு கயிற்றில் பத்துக் கொடி, இன்னொரு கயிற்றில் ஆறு கொடி. முத்துச்செல்வி பதினான்கு என்றாள்.

கழித்தல் எல்லாம் அவளுக்குச் சுத்தம். மூன்றாம் வாய்ப்பாடு வரை தண்ணீர் பட்ட பாடு. வாசிப்பில் இரண்டாம் வகுப்பில் அவளை அடிக்க ஆள் இல்லை. கூட்டல் மட்டும் வராது. தப்பாவது ஒரே மாதிரி வருமா என்றால் அதுவும் இல்லை. ஒரு நாள் மூன்று குறையும், ஒரு நாள் இரண்டு குறையும். விரலை எண்ணச் சொன்னேன், புளியங்கொட்டை கொடுத்தேன், ஐம்பது தடவை எழுத வைத்தேன். எனக்குத்தான் தலைவலி வந்தது.

கடைசியில், ஓணத்துக்கு மூன்று நாள் முன்பு, அவள் அம்மாவை வரச் சொன்னேன்.

பேச்சியம்மாள் கொழுந்து பறிக்கிற இடைவேளையில் வந்தாள். இடுப்பில் செடி கிழிக்காமலிருக்கக் கட்டுகிற படங்குச் சாக்கோடேயே, வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள். உங்கள் பெண்ணுக்குக் கூட்டல் வரவில்லை, தனியாகக் கவனிக்க எழுதி அனுப்ப வேண்டும், சம்மதம் வேண்டும் என்று நான் நீட்டி முழக்கினேன்.

"கூட்டலா வரல?" என்று கேட்டாள். ஏதோ நம்ப முடியாததைக் கேட்டவள் மாதிரி என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "படிச்சவிய நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கட்டை விரலை நீட்டினாள். மையைப் படங்கில் துடைத்துக்கொண்டு மலையேறிப் போய்விட்டாள்.

அந்தப் பார்வையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சித்தூர்க்காரிக்கு என்ன தெரியும்

இந்த இடத்தில் என் பக்க நியாயத்தையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, இருந்தாலும்.

நான் வாளையார்ப் பக்கத்துச் சித்தூர்க்காரி. எங்கள் ஊர் நெல்லும் தென்னையும் கள்ளும். மலை என்பது வெகுதூரத்தில் நீலமாகத் தெரிவது, அதில் மனிதர்கள் ஏற மாட்டார்கள் என்று நினைத்து வளர்ந்தவள். தேயிலை எனக்குத் தூளாக, பொட்டலத்தில்தான் அறிமுகம். வேலை உத்தரவில் பீர்மேடு என்று பார்த்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்புள்ள, அங்க பல்லு வலிச்சா டாக்டர் இருக்காங்களா?" என்பதுதான். பிரிவுத் துயரம் எல்லாம் பிறகுதான் வந்தது. அவர் வாளையாரில் லாரிகளை நிறுக்கிற எடை மேடையில் வேலை பார்க்கிறார். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார், பல்லைப் பற்றி விசாரிப்பார்.

வந்த புதிதில் நான், "வாங்க கண்ணு, உக்காருங்க" என்று சொன்னால் பிள்ளைகள் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கும். அவர்களுடைய பேச்சு திருநெல்வேலிப் பேச்சு. பாட்டன் பூட்டன் காலத்தில் மலையேறியபோது கொண்டுவந்ததை அப்படியே வைத்திருக்கிறார்கள், அதோடு மலையாளமும் எஸ்டேட் இங்கிலீஷும் கலந்துகொள்ளும். அவர்கள் 'லயம்' என்பது வரிசை வீடுகளை. 'மஸ்டர்' என்பது காலையில் ஆள் கூடுகிற, பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகையை. இந்த இரண்டு சொல்லையும் நான் முதல் வாரமே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதோடு சரி.

பள்ளிக்கூடத்திலிருந்து மஸ்டர் கொட்டகைக்கு நடந்தால் பத்து நிமிடம். அங்கே வேலை பார்த்த ஐந்து வருஷத்தில் ஒரு தடவை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மூன்று நாள் பயிற்சிக்குப் போய்க் காகித வாத்து செய்தேன், பத்து நிமிடம் நடக்கவில்லை. என் பக்க நியாயம் இவ்வளவுதான். எழுதிப் பார்க்கும்போது அது நியாயமாகவே தெரியவில்லை.

இருபத்திரெண்டு

வட்டத்துக்கு வருவோம்.

பதினைந்தும் பத்தும் இருபத்திமூன்று என்று அவள் அடம்பிடித்து நிற்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஓணமும் அதுவுமாகத் திட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வேறு பிள்ளைகளிடம் கேட்டேன். நான்கு பேர் இருபத்தைந்து என்றார்கள், ஒருவன் பசிக்கிறது என்றான்.

அப்போது மழை பிடித்தது. இந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பு ஒன்றும் கிடையாது. வெயில் இருந்த இடத்தில் வெயிலைக் காணோம், தகரக் கூரையில் ஒரே இரைச்சல். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓட, நான் பிடித்து இழுத்து உட்கார வைத்து, முத்துச்செல்வியிடம் தொண்டை கிழியக் கத்தினேன்.

"கடைசியாக் கேக்கறேன். பதினஞ்சும் பத்தும் எத்தனை?"

அவள் கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபத்திரெண்டு."

"இப்பத்தானே இருபத்திமூணுன்னே!"

"அப்ப வெயிலுல்லா டீச்சர். இப்ப மழை வந்துட்டுல்லா."

நான் திரும்பி மற்ற பிள்ளைகளைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது போல இரண்டு மூன்று தலைகள் ஆடின.

"மழைக்கும் கூட்டலுக்கும் என்ன கண்ணு சம்பந்தம்?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். நான் பிள்ளைகளிடம் காட்டாத பொறுமை.

"கூட்டினதுக்கு அப்புறம் தள்ளணும்லா. வெயில்னா சாக்கு எடைக்கு ரெண்டு தள்ளணும். மழைன்னா ஈரத்துக்கும் சேத்து மூணு தள்ளணும். தள்ளலன்னா தராசுக்கார மாமா வைவாரு."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அம்மா கொழுந்து போடும்போது நான்தான கணக்குச் சொல்லுவேன். அம்மாக்குப் படிக்கத் தெரியாதுல்லா."

நான் அத்தப்பூவின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கசவுப் புடவையில் செண்டுமல்லிக் கறை இன்னும் இருக்கிறது. சலவைக்காரர் கைவிரித்துவிட்டார்.

அலமாரியிலிருந்து அவள் நோட்டை எடுத்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாக நான் சிவப்பு மையில் போட்ட தப்புக்குறிகள். ஜூன் முழுக்க எல்லாக் கூட்டலிலும் மூன்று குறைவு. ஜூலையில் நடுவே ஒரு நான்கு நாள் இரண்டு குறைவு, பிறகு மறுபடி மூன்று. சுதந்திர தினத்தை ஒட்டி இரண்டு. அந்த நோட்டை வைத்துக்கொண்டு எந்தெந்த நாள் மழை பெய்தது என்று ஒருவர் சொல்லிவிடலாம். நான் அதில் ஒரு மண்ணையும் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரரின் பிழைப்பே இதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. லாரியைச் சரக்கோடு நிறுத்து, வெறும் லாரியின் எடையைத் தள்ளுவது. கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று ராத்திரி போனில் சொன்னபோது, "அந்தப் புள்ளைக்குக் கணக்கு வருது. உனக்குத்தான் வரல" என்றார். அவரும்தான் மூன்று மாதமாக என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு மட்டும் என்ன வந்துவிட்டதாம்!

"நீ போட்டதெல்லாம் சரியான கணக்குத்தான் கண்ணு" என்று முத்துச்செல்வியிடம் சொன்னேன். "ஆனா பள்ளிக்கூடத்துல சாக்கு கிடையாது. இங்க தள்ள வேண்டாம்."

"மழை பெஞ்சாலுமா?"

"பெஞ்சாலும் வேண்டாம்."

"அப்ப இருபத்தஞ்சு" என்றாள். பிறகு கொஞ்சம் கோபமாகவே, "அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா டீச்சர்" என்றாள்.

முப்பத்தேழும் நாற்பத்தாறும் எவ்வளவு என்று கேட்டேன். நான் மனசுக்குள் விரல் விட்டுக்கொண்டிருக்கும்போதே எண்பத்திமூன்று என்று சொல்லிவிட்டாள். இன்னும் நான்கு கேட்டேன். நான்கும் சரி. ஐந்தாவதில் நான் தப்பு செய்தேன், அவள் திருத்தினாள்.

மணி பார்த்தேன். ஒன்றாகப் பத்து நிமிடம்.

உறை ஒட்டியாயிற்று

கசவுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் ஓடுகிற டீச்சரை அந்த எஸ்டேட் அதற்கு முன் பார்த்திருக்காது. ஜீப் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே பதினான்கு பேர், இரண்டு பலாப்பழம், முன் இருக்கையில் மடியில் பழுப்பு உறையோடு தங்கப்பன் சார். நல்ல மனிதர், கோட்டயத்துக்காரர். தமிழை மலையாளத்தில் பேசுவார்.

"எந்தா டீச்சரே, பாயசம் தீந்து போயோ?"

"பாயசம் இல்லைங்க சார். முத்துச்செல்வி படிவத்தத் திருப்பிக் குடுங்க."

"கவர் ஒட்டியல்லோ. சீலும் வெச்சு."

"பிரிச்சுருங்க."

"மூணு பேருன்னு மேல போன்ல பறஞ்சதாணு. இப்ப ரெண்டுன்னு சொன்னா காரணம் கேக்கும்."

"கூட்டல் தெரியாதது டீச்சருக்குன்னு சொல்லுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கூந்தலில் முல்லை தொங்க, புடவையெல்லாம் மஞ்சளும் ஊதாவுமாக நான் நின்ற கோலத்தில் மறுத்துப் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல், "குடுத்துருங்க சாரே, பஸ்ஸு போயிரும்" என்றது. உறை கிழிந்தது. இன்னொரு பிள்ளைக்காக எழுதிய ஒன்றும், காது மந்தமான பையனுக்காக எழுதிய ஒன்றும் உறைக்குள் திரும்பப் போயின. முத்துச்செல்வியின் தாள் என் கைக்கு வந்தது.

அதை அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். எனக்கு அப்போது வீராப்பு தலைக்கேறியிருந்தது. பேச்சியம்மாளின் கையில் நேரில் கொடுத்து, உங்கள் பெண் கெட்டிக்காரி என்று சொல்லி, அவள் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் பஸ் ஏறுவது என்று முடிவு செய்தேன். நல்லது செய்கிறவளுக்கு அந்தச் சந்தோஷமாவது வேண்டாமா? எனக்கு என் மேலேயே அவ்வளவு பிரியம்.

மஸ்டர்

சாயங்காலம் நான்கு மணிக்குக் கிளம்பினேன். பத்து நிமிட நடை எனக்கு இருபது நிமிடமாயிற்று, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கவே பாதி நேரம் போனது. மழை தூறிக்கொண்டுதான் இருந்தது.

கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் கொழுந்து திணித்த சாக்கு. பச்சை வாசனை மூக்கில் ஏறியது. நடுவில் தராசு, பக்கத்தில் மேஜை, மேஜையில் நீள நோட்டோடு தராசுக்காரர். பேச்சியம்மாள் வரிசையில் மூன்றாவதாக நின்றாள்.

முத்துச்செல்வி தராசுக்குப் பக்கத்தில் இல்லை. தூரத்தில், தூணை ஒட்டி, புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலை நனைந்திருந்தது.

"பிள்ளைய ஏனுங்க அங்க நிக்க வச்சிருக்கீங்க? அவதானே உங்களுக்குக் கணக்குச் சொல்லுவா?" என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

"மூணு நாளா வேண்டாம்னுட்டேன் டீச்சர்" என்றாள். "நீங்கதான சொன்னிய, அவளுக்குக் கூட்டல் வராதுன்னு. இத்தன நாளும் தப்புத் தப்பாச் சொல்லிருக்கா போல, நான் அது தெரியாம அவள நம்பிக்கிட்டு இருந்துட்டேன்."

படிவத்தை எடுத்து நீட்டப் போனேன்.

அவள் முறை வந்தது. தராசுக்காரர் முள்ளைப் பார்த்து, "பதினாறு" என்றார். நோட்டில் எழுதி, அன்று மூன்று தடவை நிறுத்ததையும் சேர்த்து, கழிவைத் தள்ளி, "மொத்தம் நாப்பத்தாறு" என்றார். பேச்சியம்மாள் தலையாட்டிவிட்டுச் சாக்கை எடுக்கப் போனாள்.

"இருங்க" என்றேன். "முத்துச்செல்வி, நீ சொல்லு கண்ணு."

"வேண்டாம் டீச்சர். நாலு பேரு முன்னால தப்பாச் சொல்லிருவா."

"சொல்லட்டும் விடுங்க."

முத்துச்செல்வி தூணை விட்டு வரவில்லை. அம்மாவைப் பார்த்தாள். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்து, "காலையில பதினெட்டு. மத்தியானம் இருபத்தொண்ணு" என்றாள், மெதுவாக.

"காலையில வெயிலு. ரெண்டு போக பதினாறு. மத்தியானம் மழை. மூணு போக பதினெட்டு. இப்பவும் மழை. மூணு போக பதிமூணு." முத்துச்செல்வி மூச்சு விட்டாள். "நாப்பத்தேழு."

"நாப்பத்தாறுதான் பிள்ள" என்றார் தராசுக்காரர்.

"காலையில மழை இல்லையே மாமா. நீங்க அதுக்கும் மூணு தள்ளிட்டிய."

அவர் நோட்டைப் பார்த்தார். பேனாவால் தலையைச் சொறிந்தார். நாற்பத்தேழு என்று அடித்து எழுதினார். வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஏட்டி, இங்க வா, எனக்கும் பாரு" என்று ஒருத்தி கூப்பிட்டாள்.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. மகளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு நிறுத்திக்கொண்டாள்.

"அவ கணக்குல ஒரு தப்பும் இல்லைங்க" என்றேன். "எனக்குத்தான் புரியாம போச்சு. மன்னிச்சுக்குங்க. நீங்க கைநாட்டு வச்ச தாள் இது. மேல போகல. கிழிச்சுப் போட்டுருங்க."

அவள் வாங்கினாள். கிழிக்கவில்லை. தன் கட்டை விரல் ரேகையைப் பார்த்தாள். பிறகு மகளிடம் கொடுத்தாள்.

"நான் எதுக்குக் கைநாட்டு வச்சேன்னு எனக்குத் தெரியாதுல்லா. வாசி பாப்போம்."

அப்போதுதான் நான் அதில் என்னென்ன எழுதியிருந்தேன் என்பது எனக்கு நினைவு வந்தது.

"வேண்டாமுங்க, அதெல்லாம் சும்மா..." என்று கையை நீட்டினேன். அதற்குள் முத்துச்செல்வி ஆரம்பித்துவிட்டாள். அச்சடித்தது மலையாளம், அதை விட்டுவிட்டு நான் பேனாவால் எழுதிய தமிழை மட்டும் விரல் வைத்து, சத்தமாக, வகுப்பில் வாசிப்பது போலவே வாசித்தாள்.

"முத்துச்செல்வி. இரண்டாம் வகுப்பு. கூட்டல் தெரியாது."

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை எடுத்து மகளின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். இரட்டைச் சடையைத் தூக்கிப் பிடித்துப் பிடரியைத் துடைத்தாள், காதுக்குப் பின்னால் துடைத்தாள்.

"வீட்டில் கவனிப்பு இல்லை."

"கடைசியில என்னது? இன்னொரு தடவ வாசி."

"வீட்டில் கவனிப்பு இல்லை" என்று முத்துச்செல்வி மறுபடி வாசித்தாள், இன்னும் தெளிவாக.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு. வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சியம்மாள் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் தலை துவட்டுவதை நிறுத்தவே இல்லை. முழுசாகத் துவட்டி முடித்து, முன்நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"நல்லா வாசிக்கா, என்ன டீச்சர்?" என்றாள்.